கொடுத்தவரை மறந்தால் கொடுத்ததே விக்கிரகம்

வீடும் விசுவாசமும் | வாரப் பத்தி

ஆயுத பூஜைக்கு மறுநாள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு தட்டில் பொரி, கடலை, சுண்டல், இரண்டு வாழைப்பழம் வைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறார். உங்கள் வீட்டு ஏழு வயதுப் பிள்ளை தட்டைப் பார்க்கிறது, பிறகு உங்களைப் பார்க்கிறது. அக்கா படியிறங்கியதும் கேட்கிறது: "அம்மா, இதைச் சாப்பிடலாமா? விக்கிரகத்துக்குப் படைச்சதைச் சாப்பிடக் கூடாதுன்னு சண்டே ஸ்கூல்ல சொன்னாங்களே?"

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வராத கிறிஸ்தவக் குடும்பம் குறைவு. சில வீடுகளில் "வேண்டாம்" என்று பதில் வரும். சில வீடுகளில் "ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடு" என்பார்கள். சில வீடுகளில் தட்டு அப்படியே வேறு யாருக்காவது கைமாறிப் போகும். பதில் எதுவானாலும், பிள்ளையின் மனதில் ஓர் எண்ணம் பதிந்துவிடுகிறது. விக்கிரகம் என்பது பக்கத்து வீட்டில் இருப்பது, நம் வீட்டில் இல்லாதது.

இந்த வாரம் அந்த எண்ணத்தைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். பொரித் தட்டுக்கு நடுவில் திரும்பி வருவோம்.

வேதம் யாரிடம் பேசுகிறது?

பத்துக் கட்டளைகள் எகிப்தியருக்குக் கொடுக்கப்படவில்லை. எகிப்திலிருந்து விடுதலையான மக்களுக்கே கொடுக்கப்பட்டன. செங்கடலைக் கடந்தவர்கள், மன்னா சாப்பிட்டவர்கள்தான் சீனாய் மலையடிவாரத்தில் பொன் கன்றுக்குட்டியைச் செய்தார்கள். யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? மனைவிமார், மகன்கள், மகள்கள் காதுகளில் கிடந்த கம்மல்களிலிருந்து வந்தது. அது குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து செய்த விக்கிரகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கன்றுக்குட்டியைச் செய்து வைத்துவிட்டு ஆரோன் அறிவித்தது கர்த்தருக்குப் பண்டிகை என்றுதான். கர்த்தரை விட்டுவிட்டோம் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. மலைக்குப் போன மோசே திரும்பி வரத் தாமதித்தார். காத்திருக்க முடியவில்லை. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு நம்பிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

புதிய ஏற்பாட்டில் பவுல் ஒரு படி மேலே போகிறார். கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தில் அவர் பொருளாசையையே விக்கிரக ஆராதனை என்கிறார். அங்கே சிலை இல்லை, பீடம் இல்லை, தூபம் இல்லை. ஆசை மட்டுமே இருக்கிறது. மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் முதல் கட்டளையை விளக்கும்போதும் இதே இடத்துக்குத்தான் வருகிறார். உன் இருதயம் எதைப் பற்றிக்கொண்டு எதன்மேல் சாய்ந்திருக்கிறதோ, அதுவே உண்மையில் உன் கடவுள் என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

அப்படியானால் விக்கிரகத்தைத் தேட வேண்டிய முதல் வீடு நம் வீடுதான்.

நல்ல பொருள் கெட்டுப்போன கதை

விக்கிரகம் என்றால் ஏதோ கெட்ட பொருள் என்று நினைக்கிறோம். வேதத்தில் இரண்டு கதைகள் அதை மாற்றிவிடும்.

முதலாவது, வெண்கலச் சர்ப்பம். வனாந்தரத்தில் பாம்புக்கடியால் மக்கள் செத்தபோது, அதைச் செய்து கம்பத்தில் வைக்கச் சொன்னவர் கர்த்தரே. அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். இது எண்ணாகமம் 21. அதன்பின் பல நூற்றாண்டுகள் கழிகின்றன. 2 இராஜாக்கள் 18இல் எசேக்கியா ராஜா அதே சர்ப்பத்தை உடைத்துப் போடுகிறார். காரணம், அதுவரை ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நிகுஸ்தான் என்று அதற்குப் பெயர் வந்தது. வெறும் வெண்கலத் துண்டு என்கிற தொனி அந்தப் பெயரில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். கர்த்தர் சொல்லிச் செய்தது. உயிர் காத்தது. பாட்டன் முப்பாட்டன் காலத்துச் சாட்சி. அதுவே விக்கிரகமானது. உயிர் தந்தவரை விட்டுவிட்டு, அவர் பயன்படுத்திய பொருளைப் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, கிதியோன். வெறும் 300 பேரோடு மீதியானியரை வென்றவர். நீயே எங்களை ஆளு என்று ஜனங்கள் கேட்டபோது, கர்த்தரே உங்களை ஆளுவார் என்று மறுத்தவர். அவ்வளவு நல்ல பதிலைச் சொன்ன கையோடு, கொள்ளையில் கிடைத்த கடுக்கன்களைக் கேட்டு வாங்கினார். சேர்ந்த பொன்னின் எடை 1,700 சேக்கல். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 19 கிலோ. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் 2,400 சவரன்! அதைக்கொண்டு ஓர் ஏபோத்தைச் செய்து தன் ஊரான ஒப்ராவில் வைத்தார். வெற்றியின் நினைவாகத்தான் செய்திருப்பார் போலும். ஆனால் இஸ்ரவேல் முழுவதும் அதன் பின்னால் போனது. அது கிதியோனுக்கும் அவர் வீட்டாருக்கும் கண்ணியானது என்று நியாயாதிபதிகள் 8ஆம் அதிகாரம் முடிக்கிறது.

அவர் வீட்டாருக்கும் என்ற அந்த வார்த்தையில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அப்பா ஆசையாகச் செய்து வைத்தது பிள்ளைகளுக்குக் கண்ணி ஆகலாம்.

எங்கே தொடங்குகிறது?

ஒரு நல்ல பொருள் எந்த நிமிடத்தில் விக்கிரகமாகிறது? ரோமர் முதல் அதிகாரத்தில் பவுல் இதற்கு ஒரு வரிசை தருகிறார். மனிதர் தேவனை அறிந்திருந்தும் அவரை மகிமைப்படுத்தவில்லை, அவருக்கு நன்றி சொல்லவுமில்லை. அதன்பின் சிந்தனை வீணாகிறது, இருதயம் இருளடைகிறது. சிலைகள் வருவது அதற்கும் பிறகுதான்.

நன்றி நின்றுபோவது முதலில் நடக்கிறது. காலியான அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்காருகிறது.

உபாகமம் 8இல் மோசே இதையே வேறு விதமாக எச்சரிக்கிறார். பசியில் கர்த்தரை மறந்துவிடுவீர்கள் என்று அவர் பயப்படவில்லை. சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டி, ஆடு மாடு பெருகி, வெள்ளியும் பொன்னும் சேர்ந்த பிறகு, இதெல்லாம் என் சாமர்த்தியம் என்று சொல்லிவிடுவீர்களோ என்றுதான் பயப்படுகிறார்.

லூக்கா 12இல் இயேசு சொன்ன ஐசுவரியவானின் உவமையில் அந்தப் பயம் நிஜமாகிறது. விளைச்சல் அமோகம். அவன் தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். என் விளைச்சல், என் களஞ்சியம், என் ஆத்துமா. மழையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அறுத்துக் கட்டிய கூலியாட்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கொடுத்தவர் பெயர் கணக்கிலேயே இல்லை. அந்த வீட்டில் ஒரு சிலைகூட இருந்ததாகக் கதை சொல்லவில்லை. ஆனாலும் களஞ்சியம் அவனுக்குக் கடவுளாகிவிட்டது.

நம் வீட்டுக் களஞ்சியம் எது?

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று இருக்கும். எளிதாகத் தெரியாது, ஏனென்றால் அது நல்ல பொருளாக இருக்கும்.

பிள்ளையின் மார்க். படிப்பு கர்த்தர் தந்த வரம், சந்தேகமில்லை. ஆனால் பிளஸ் டூ ஆண்டு வந்ததும் ஞாயிறு ஆராதனை நிற்கிறது, விளையாட்டு நிற்கிறது, தாத்தா பாட்டி வீட்டுக்குப் போவது நிற்கிறது, தூக்கம் நிற்கிறது. ரிசல்ட் அன்று பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறது. ஒரு வரத்துக்காகப் பிள்ளையையே பலி கேட்கிற நிலை வந்தால், அது இன்னும் வரம்தானா?

நகை. மகளுக்கு இத்தனை சவரன் போட்டால்தான் மரியாதை என்று ஆலயத்தின் வாசலிலேயே பேரம் நடக்கிறது. கடன் வாங்கிப் போடுகிற பெற்றோரின் இரத்த அழுத்தம் யாருக்கும் தெரிவதில்லை. கிதியோனின் 2,400 சவரன் இங்கே இரண்டு சவரனாக இருக்கலாம். கண்ணி கண்ணிதான்.

வீடு. கட்டும்போது பிரதிஷ்டை ஜெபம், கட்டி முடித்த பிறகு யாரும் வந்து தங்க முடியாத அளவுக்குப் பளபளப்பு.

ஊழியர். ஒரு போதகர் மூலமாக நமக்கு ஆறுதல் கிடைத்திருக்கும். அதற்காக அவர் படத்தை மாட்டி, அவர் சொன்னால்தான் கல்யாணம், அவர் தொட்டு ஜெபித்தால்தான் சுகம் என்று ஆகிவிட்டால், வெண்கலச் சர்ப்பத்தின் கதை அங்கே மீண்டும் நடக்கிறது.

கைப்பேசி. இதைக் கைப்பேசியில்தான் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள், ஆகவே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் எதைத் தேடுகிறோம் என்று மட்டும் பார்த்துக்கொள்வோம்.

கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் உதவும். எதை இழந்தால் இனி வாழ்வே இல்லை என்று தோன்றுகிறது? எதைத் தொட்டால் வீட்டில் சண்டை வெடிக்கிறது? எதற்காக வீட்டில் ஒருவரை வாடவிடவும் தயாராக இருக்கிறோம்? மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் விக்கிரகத்தின் பெயர் தெரிந்துவிட்டது.

பெயர் தெரிந்ததும் அதை உடைத்தே ஆக வேண்டுமா? படிப்பையோ வீட்டையோ உடைக்க முடியாது, உடைக்கவும் கூடாது. கன்றுக்குட்டியை மோசே தூளாக்கினார். கம்மலை யாரும் வெறுக்கவில்லை. பிறகு அதே ஜனங்கள் மனமுவந்து பொன்னைக் கொண்டுவந்து ஆசரிப்புக் கூடாரத்துக்குக் கொடுத்தார்கள். பொருள் அதேதான். பிடித்திருந்த கை திறந்தது. கையைத் திறக்க வைப்பது நன்றி. இது எனக்குத் தரப்பட்டது என்று உண்மையாகவே சொல்லத் தெரிந்தவருக்கு, இது இல்லாமல் நான் இல்லை என்று சொல்லத் தோன்றாது.

நன்றியிலும் ஒரு கண்ணி

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. நன்றி என்ற பெயரிலேயே விக்கிரகம் வளர முடியும்.

லூக்கா 18இல் ஆலயத்துக்கு ஜெபிக்கப்போன பரிசேயனை நினைத்துப் பாருங்கள். அவன் ஜெபம் நன்றியில்தான் தொடங்குகிறது! மற்றவர்களைப் போல நான் இல்லை என்பதற்காக நன்றி சொல்கிறான். அந்த நன்றியின் நடுவில் நிற்பது அவனேதான்.

பிள்ளைகளுக்கு நன்றி கற்றுக்கொடுக்க நாம் பிடிக்கும் குறுக்கு வழியும் இதுதான். "அந்தப் பையனைப் பாரு, அவனுக்குச் செருப்புகூட இல்ல. உனக்கு எல்லாம் இருக்கே, ஸ்தோத்திரம் சொல்லு." பிள்ளை சொல்லும். ஆனால் அது கற்றுக்கொண்டது நன்றியை அல்ல. நான் அவனைவிட மேலானவன் என்ற கணக்கைத்தான். செருப்பில்லாத பையனுக்கு நம்மால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

சாட்சி நேரத்திலும் இது நுழையும். என் மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தது என்று ஒரு தாய் கண்ணீரோடு சொல்வது அழகான நன்றி. அதே ஆலயத்தில் மூன்றாவது வரிசையில், சீட் கிடைக்காத பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறது. கர்த்தர் எனக்கு மட்டும் எதுவும் செய்யவில்லையோ என்று அது நினைக்காதபடி பேசுவதும் நன்றியின் பகுதிதான். அறுப்பின் பண்டிகையில் முதல் காய், முதல் கோழி ஏலத்துக்கு வரும்போது சந்தை விலையைவிடப் பல மடங்கு கொடுத்து எடுப்பதும் அப்படித்தான். அது கர்த்தருக்கா, பக்கத்தில் நின்று ஏலம் கேட்கிறவருக்கா என்று நம் மனதுக்குத் தெரியும்.

இந்தக் கண்ணியின் மிகப் பழைய பெயர் நம் சபைகளில் ஜாதி. மற்றவர்களைப் போல நான் இல்லை என்ற பரிசேயனின் வாசகத்தை ஊர் மொழியில் சொன்னால் அதுதான். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே தென்னிந்தியச் சபைகளில் ஜாதிப் பாகுபாட்டை விட்டுவிட வேண்டும் என்று கண்டிப்பாக எழுதினார். அதற்குச் சபைகளுக்குள்ளேயே கடும் எதிர்ப்பு வந்தது. கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டு ஆகிறது. இன்றும் கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரங்களில் ஞானஸ்நானத்தோடு ஜாதியும் சேர்ந்தே வருகிறது. சிலையை வணங்காத வீடு இதற்கு முன்னால் தலைகுனிகிறது என்றால், பிள்ளைகளுக்கு விக்கிரகத்தைப் பற்றி நாம் என்ன கற்றுக்கொடுக்கப் போகிறோம்?

பொரித் தட்டுக்கு வருவோம்

பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த தட்டு இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.

ஆதிச் சபை இதே கேள்வியில் தவித்தது. அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் கூடியவர்கள், விக்கிரகங்களுக்குப் படைத்ததை விலக்கச் சொல்லி எழுதினார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது நிதானமாகப் பிரித்துப் பேசுகிறார். விக்கிரக வழிபாட்டில் பங்குகொள்ளாதீர்கள் என்கிறார். அதே நேரம் கடையில் விற்பதைத் துருவிக் கேட்காமல் வாங்கிச் சாப்பிடலாம், அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் போகலாம் என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவர் மனச்சாட்சிக்காகத் தவிர்க்கச் சொல்கிறார். தன் உரிமையைவிடப் பிறர் மனதைப் பெரிதாகப் பார்க்கிறார். அந்தப் பகுதியிலேயே, நன்றியோடு சாப்பிடுவதைப் பற்றியும் பேசுகிறார்.

உங்கள் சபையும் உங்கள் மனச்சாட்சியும் எந்தப் பக்கம் சொல்கின்றனவோ, அதன்படி குடும்பமாக முடிவெடுங்கள். எந்தப் பக்கமானாலும் பிள்ளைக்கு மூன்று காரியங்களைச் சொல்லிக்கொடுங்கள்.

ஒன்று, அக்காவின் அன்பு உண்மையானது. தன் வீட்டு மகிழ்ச்சியில் நம்மையும் நினைத்திருக்கிறார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டு, சாப்பிடுவதில்லை என்று முடிவெடுத்த வீட்டிலும், முகத்தைச் சுளிப்பதோ, அவர் கண்ணில் படும்படி குப்பையில் கொட்டுவதோ கூடாது. "அக்கா, எங்க வீட்ல படைச்சதைச் சாப்பிடறதில்ல, தப்பா நினைக்காதீங்க. நீங்க நினைச்சு கொண்டுவந்ததே சந்தோஷம்" என்று பணிவாகச் சொன்னால் புரிந்துகொள்ளாத அக்கா குறைவு. அடுத்த முறை கடைப் பலகாரம் வாங்கிவந்து கொடுக்கிற அக்காமார் நம் தெருக்களில் எத்தனையோ பேர்.

மூன்று, அவர்கள் வீட்டு வழிபாட்டைக் கேலி பேசுவது பக்தி ஆகாது. கிறிஸ்துமஸ் கேக்கைத் தட்டில் வைத்து நாம் கொடுக்கும்போது அவர்கள் எப்படி வாங்கிக்கொள்கிறார்களோ, அந்த மரியாதையைத் திருப்பிக் கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நன்றி சொல்ல முடியாத நாளில்

எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வேலை போன வீட்டில், ஸ்கேன் ரிப்போர்ட் வந்த வீட்டில், பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு வந்த வீட்டில் அந்த வார்த்தை கல்லாக விழும். 150 சங்கீதங்களில் புலம்பல் சங்கீதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அழுகிறவரிடம் நன்றியைப் பிடுங்கி வாங்காதீர்கள். கூட உட்கார்ந்து அழுதாலே போதும்.

ஆனால் துக்கத்திலும் நன்றி முளைக்கிறது என்பதற்குச் சபை வரலாற்றில் ஒரு வீடு சாட்சியாக இருக்கிறது. ஜெர்மனியின் ஐலன்பர்க் நகரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற போதகர் இருந்தார். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரின் காலம். மதில் சூழ்ந்த அந்த ஊரில் அகதிகள் குவிந்தார்கள். பஞ்சம் வந்தது. 1637இல் கொள்ளைநோய் வந்தது. மற்றப் போதகர்கள் இறந்தும் போயும், இவர் தனியாக மிஞ்சினார். அந்த ஓராண்டில் 4,000க்கும் மேற்பட்டவர்களை அவர் அடக்கம் செய்ததாகச் சொல்வார்கள். அவர்களில் ஒருவர் அவருடைய மனைவி. அதே முப்பதுகளில் அவர் எழுதிய ஒரு நன்றிப் பாடல் இன்றுவரை உலகமெங்கும் பாடப்படுகிறது. அது மேடைக்காகப் பிறந்த பாட்டு அல்ல. குடும்பமாகச் சாப்பாட்டு மேசையில் சொல்லும் சிறிய ஜெபமாகவே அது தொடங்கியது.

இழந்ததற்காக அவர் நன்றி சொல்லவில்லை. இழப்பின் நடுவிலும் கை விட்டுப் போகாதவருக்கு நன்றி சொன்னார். இயேசுவும் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில்தான் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார். நற்கருணைக்கு வழங்கும் யூக்கரிஸ்தியா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பொருளே நன்றி செலுத்துதல்தான்.

வீட்டில் செய்து பார்க்க

பெரிய திட்டம் வேண்டாம். கீழே உள்ளவற்றில் ஒன்றை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பெயர் சொல்லி நன்றி. சாப்பாட்டு ஜெபம் பல வீடுகளில் ஐந்து விநாடியில் முடிந்துவிடும். ஒரு வேளை மட்டும் நிதானமாக, இந்தச் சோறு நம் தட்டுக்கு வர யார் யார் உழைத்தார்கள் என்று பிள்ளைகளைச் சொல்ல வையுங்கள். நாற்று நட்டவர், லாரி ஓட்டியவர், சிலிண்டர் தூக்கி வந்த அண்ணன், அடுப்படியில் வியர்த்த அம்மா. பிறகு அவர்கள் எல்லாரையும் தந்த கர்த்தருக்கு நன்றி.

2. கதை சொல்லி நன்றி. உபாகமம் 26இல் முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் வெறுமனே வைத்துவிட்டுப் போக முடியாது. நாடோடியாக இருந்த தகப்பன், எகிப்தின் அடிமைத்தனம், விடுதலை என்று தன் வம்சத்துக் கதையைச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். முதல் சம்பளம், முதல் வாடகை வீடு, பட்டினி கிடந்த நாள், யாரோ உதவிய நாள். கதை தெரிந்த பிள்ளை, இதெல்லாம் என் சாமர்த்தியம் என்று சொல்லாது.

3. பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக ஒரு பானையில் போட்டு வைக்கும் பழக்கம் நம் கிராமத்துச் சபைகளிலும் உண்டு. மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் இதை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருகிறார்கள். அந்த அரிசியைச் சேர்த்து விற்ற பணத்தில் ஊழியங்கள் நடக்கின்றன. அரிசிப் பானை வைக்க முடியாத அடுக்குமாடி வீட்டில் ஓர் உண்டியல் போதும். மாதக் கடைசியில் யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

4. திரும்பிப் போய் நன்றி. சுகமான பத்துத் தொழுநோயாளிகளில் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். அவனும் அந்நியனான சமாரியன். நமக்கு உதவியும் நாம் திரும்பிப் பார்க்காத ஒருவரை இந்த வாரம் தேடிப் பிடியுங்கள். பழைய டீச்சர், நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்த ஆட்டோ அண்ணன், கஷ்ட காலத்தில் கடன் கொடுத்த மளிகைக் கடைக்காரர். மெசேஜ் வேண்டாம், முடிந்தால் நேரில்.

5. திறந்த கை. உங்கள் மூன்று கேள்விகளுக்கு எந்தப் பொருள் பதிலாக வந்ததோ, அதிலிருந்து ஒரு சிறு பங்கைக் கொடுத்துப் பாருங்கள். மார்க்தான் விக்கிரகம் என்றால், படிக்கக் கஷ்டப்படும் ஒரு பிள்ளைக்கு உங்கள் பிள்ளை வாரம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கட்டும். வீடு என்றால், ஒரு குடும்பத்தைச் சாப்பிட அழையுங்கள். கொடுக்கும்போது வலித்தால் பயப்பட வேண்டாம். பிடி தளர்கிறது என்று அர்த்தம்.

குடும்ப ஜெபத்தில் பேச

பொன் கன்றுக்குட்டியைச் செய்தவர்கள் எதற்காகக் காத்திருக்க முடியாமல் போனார்கள்? நாம் எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம்?

நம் வீட்டில் அதிகமாகப் பேசப்படும் பொருள் எது? அதற்காக நாம் கடைசியாக எப்போது நன்றி சொன்னோம்? (முதலில் பிள்ளைகளைப் பதில் சொல்ல விடுங்கள். பெரியவர்கள் குறுக்கே பேசக் கூடாது.)

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் கையில் இருப்பது எல்லாம் உம்முடைய கையிலிருந்து வந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டு உம்மை மறந்த இடங்களை எங்களுக்குக் காட்டும். நன்றியுள்ள வீடாக எங்களை ஆக்கும். பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் நன்றியால் ஒரு நன்மை உண்டாகட்டும். ஆமென்.

அடுத்த வாரம்: கடன் கேட்டு வரும் உறவினரிடம் எப்படிப் பேசுவது?